பேட்டரி வண்டிக்கு எந்தப் பெட்டி? வாங்கும் முன் யோசியுங்கள்

வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் எலுமிச்சைத் தோட்டத்திற்குப் போய்வரவும், பால் கேன் கொண்டு செல்லவும், புளியங்குடி சந்தைக்கு ஒரு மூட்டைக் காயை ஏற்றிப் போகவும் சிறு விவசாயிகள் பலர் இப்போது பேட்டரி வண்டிகளை வைத்திருக்கின்றனர். பெட்ரோல் விற்கும் விலையில் இது நியாயமே. ஆனால் இரவில் பேட்டரியைக் கழற்றி எங்கே வைப்பது, எதற்குள் வைப்பது என்பதை மட்டும் பலர் யோசிப்பதில்லை. யூரியா சாக்கின் மேல் வைப்பவர் உண்டு. கட்டிலுக்கு அடியில் வைப்பவரும் உண்டு.

2022 மார்ச் மாதத்தில் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் பள்ளி செல்லும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். அடுத்த மாதமே விஜயவாடாவில் படுக்கையறையில் சார்ஜ் போட்டிருந்த, வண்டியிலிருந்து கழற்றிய பேட்டரி வெடித்து ஒருவர் உயிரிழந்தார். நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகை பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் ஏற்பட்டு 18 பேர் மாண்டனர். வண்டியே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேட்டரியை மழை தூசியிலிருந்து காக்கத்தான் பெட்டி என்று நாம் நினைக்கிறோம். வீட்டை பேட்டரியிடமிருந்து காப்பதும் அந்தப் பெட்டியின் வேலைதான்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை பேட்டரி என்று பாருங்கள். விலை குறைந்த வண்டிகளில் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் நான்கைந்து சேர்ந்திருக்கும். தூக்கினாலே பளு தெரியும். இவை சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரக்கூடும். ஆகவே காற்றோட்டமான திறந்த மரத்தட்டோ பிளாஸ்டிக் தட்டோ போதும். மூடி போட்ட பெட்டி ஆகாது. மற்றது லித்தியம் பேட்டரி. 48 வோல்ட், 24 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு லித்தியம் பேட்டரியில் ஒரு யூனிட்டுக்கும் சற்று அதிகமான மின்சாரம் அடைந்து கிடக்கிறது. உள்ளே ஒரு செல் கெட்டு சூடேறினால், அந்தச் சூடு பக்கத்துச் செல்லைப் பிடித்து, சில நிமிடங்களில் முழுவதும் எரிந்துவிடும். அப்போது வரும் புகை விஷப் புகை. லித்தியத்திலும் எல்.எப்.பி. என்ற பாஸ்பேட் வகை இந்தச் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். புது வண்டி வாங்குவோர் கடையில் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

எந்தப் பெட்டி கூடாது?

தெர்மோகோல் பெட்டி, பெயிண்ட் வாளி, பிளாஸ்டிக் டப்பா ஆகியவை தீக்கு விறகு போன்றவை. கடைகளில் தீப்பிடிக்காத பை என்று விற்கிறார்கள். செல்போன் பேட்டரி அளவுக்கு அது சரி. பத்து கிலோ வண்டி பேட்டரிக்கு அந்தப் பையை நம்பிப் படுக்க முடியாது. இன்னொரு தவறு, காற்றுப் புகாமல் இறுக மூடிய இரும்புப் பெட்டி. பார்க்கப் பலமாகத் தெரியும். ஆனால் உள்ளே வாயு உண்டானால் போக வழியின்றிப் பெட்டியே குண்டு போல வெடிக்கும்.

பட்டறையில் சொல்லிச் செய்யும் பெட்டிதான் நமக்கு ஏற்றது. 18 கேஜ் இரும்புத் தகட்டில், பேட்டரியைச் சுற்றி இரண்டு அங்குலம் இடம் இருக்கும்படி அடிக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் ஐந்து முகங்களிலும் அரை அங்குல சிமெண்ட் பலகையோ ஜிப்சம் பலகையோ பதிக்க வேண்டும். இது சூட்டைத் தடுக்கும்; பேட்டரி முனைகள் இரும்பில் பட்டு ஷார்ட் ஆவதையும் தடுக்கும். வீட்டில் கிடக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் துண்டை வெட்டிப் போட வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு, தீயில் அது வெடித்தும் சிதறும். மூடி வெறுமனே மேலே அமரட்டும், பூட்டு வேண்டாம். ஒரு பக்கத்தின் மேல்பகுதியில் வாயு வெளியேற ஓரங்குலத் துளைகள் இரண்டு மூன்று விட்டு, எலி புகாதபடி கம்பி வலை அடியுங்கள். எலி கடித்த ஒயர் ஒன்றே போதும் வினையைத் தொடங்க. வைக்கும்போது துளையுள்ள பக்கம் வாசலையோ படுக்கும் இடத்தையோ பார்த்திருக்கக் கூடாது.

பேட்டரியின் பிளக் முனைக்கு ரப்பர் மூடி போட்ட பிறகே உள்ளே வையுங்கள். ஸ்பேனர், ஆணி, சாவிக்கொத்து எதுவும் கூட இருக்கக் கூடாது. இப்படிச் செய்த பெட்டியும் ஒரு பேட்டரி முழுதாக எரிந்தால் தீயை முற்றிலும் அடக்கிவிடாது. வீட்டிலுள்ளவர்கள் எழுந்து வெளியேறச் சில நிமிடம் தரும், அவ்வளவே. அந்தச் சில நிமிடத்திற்குத்தான் இத்தனை பாடும்.

பெட்டியை வைக்கும் இடம்

பெட்டியைக் காட்டிலும் இடம் முக்கியம். வீட்டிற்கு வெளியே செங்கல் திண்ணையில், சாரல் படாத, வெயில் விழாத ஓரத்தில், இரண்டு செங்கல் மேல் பெட்டியை நிறுத்துங்கள். வாசல் வழியை அடைத்து வைக்கவே கூடாது. வைக்கோல் போர், டீசல் கேன், பூச்சி மருந்து, கந்தகத் தூள் இருக்கும் அறை அறவே ஆகாது. மாட்டுத் தொழுவத்தில் கோமிய ஈரமும் உரத்தின் உப்பும் முனைகளை அரித்துவிடும். தகரக் கூரைக்கு நேர் கீழே பகலில் வைத்தாலும் சூடு தாங்காது. 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றக் கூடாது.

சார்ஜ் போடும்போது பேட்டரி மூடிய பெட்டிக்குள் இருக்கலாகாது. சூடு போக வேண்டும். மூடியை முழுவதும் திறந்து, அல்லது வெளியே திண்ணையில் எடுத்து வைத்து, நீங்கள் விழித்திருக்கும் நேரத்திலேயே போடுங்கள். தோட்டத்திலிருந்து வந்ததும் உடனே போடாமல் ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜர்தான் அதற்கு. ஈய அமில சார்ஜரை லித்தியத்திற்கு மாட்டக் கூடாது. இரண்டின் மேலும் 48 வோல்ட் என்றே எழுதியிருந்தாலும், சார்ஜ் நிற்கும் அளவு வெவ்வேறு.

அறுவடை முடிந்து வண்டி சில வாரம் சும்மா நிற்குமானால், லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். ஈய அமில பேட்டரியோ முழு சார்ஜில் இருக்க வேண்டும், மாதம் ஒரு முறை ஏற்றவும் வேண்டும். இதை மாற்றிச் செய்து பேட்டரியைக் கெடுத்தவர்கள் அநேகம்.

வேலூர், விஜயவாடா சம்பவங்களுக்குப் பிறகு 2022 டிசம்பரிலிருந்து மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கட்டம் கட்டமாகக் கடுமையாக்கியது. வாங்கும்போது அந்தச் சான்று உண்டா என்று கேளுங்கள். ஆனால் 250 வாட்டிற்குக் குறைந்த மோட்டாரும் 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட, பதிவு எண் தேவைப்படாத சிறு வண்டிகள் சட்டப்படி மோட்டார் வாகனமாகவே கருதப்படுவதில்லை. நம் பக்கம் ஓடுபவற்றில் இவையும் உண்டு. இவற்றில் நாம்தான் கவனமாயிருக்க வேண்டும்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, இனிப்பான மருந்து வாடை வந்தாலோ, ஓடையில் முழுகிவிட்டாலோ, கீழே விழுந்து கூடு விரிசல் கண்டாலோ சார்ஜ் போடாமல், வீட்டிலிருந்து 50 அடி தள்ளி வெட்டவெளியில் வைத்து, விற்பனையாளருக்குச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். புகை கிளம்பிவிட்டால் பேட்டரியைத் தூக்கி எறியப் போகாதீர்கள். முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரும் வெளியேறி, 101க்குச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து அடிக்க வசதி இருந்தால் தண்ணீர் அடிக்கலாம், ஏராளமாக வேண்டும். ஒரு குடம் போதாது. அணைந்த பிறகும் பல மணி நேரம் அருகே போகாதீர்கள், மறுபடி பற்றிக்கொள்ளும்.