ருக்மிணிதேவி வித்திட்ட சட்டம்

யாழ்ப்பாணத்தில் பரதநாட்டியம் பயில்வோர்க்கு ருக்மிணிதேவி அருண்டேல் புதியவரல்லர். சென்னையில் 1936இல் அவர் நிறுவிய கலாஷேத்திராவில் பயின்று திரும்பிய ஆசிரியர்கள் இங்கு பல தலைமுறை மாணவியரை உருவாக்கியுள்ளனர். ஆயினும் அவர் பத்தாண்டு காலம் இந்திய மாநிலங்களவையில் அமர்ந்து ஒரு சட்டத்துக்கு வித்திட்டவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1904இல் மதுரையில் பிறந்த அவர், 1920இல் தமது பதினாறாவது வயதில் ஆங்கிலேயரான ஜோர்ஜ் அருண்டேலை மணந்தார். சென்னைப் பிராமண சமூகம் கொதித்தெழுந்தது. ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பினால் அவரது குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா கூறிய அறிவுரையே அவரைச் சதிராட்டத்தின்பால் திருப்பியது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று 1935இல் அடையாறில் அரங்கேறினார். அவர் அக்கலைக்குப் புத்துயிர் அளித்தார் என்பது உண்மை. அதை வளர்த்த இசைவேளாளர் குலப் பெண்கள் அரங்கினின்றும் ஒதுங்க நேர்ந்ததும் உண்மையே. சிருங்காரத்தை அவர் குறைத்ததைப் பாலசரஸ்வதி ஏற்கவில்லை.

1952இல் மாநிலங்களவைக்கு முதன்முறையாக நியமிக்கப்பட்ட பன்னிருவருள் அவர் ஒருவரே பெண். ஸாகிர் ஹுசைன், விஞ்ஞானி சத்தியேந்திரநாத் போஸ், நடிகர் பிரித்விராஜ் கபூர் ஆகியோர் உடனிருந்தனர். கட்சியுமில்லை, தொகுதியுமில்லை. (நமது தேசியப் பட்டியலும் இத்தகைய அறிஞர்களுக்காகவே என்று கூறப்பட்டது. அது எவருக்குப் பயன்பட்டது என்பதை வாசகர் அறிவர்.)

அவர் தனிநபர் பிரேரணையாகக் கொணர்ந்தது மிருகவதைத் தடுப்பு மசோதா. அரசே சட்டம் இயற்றும் என்ற பிரதமர் நேருவின் உறுதிமொழியின்பேரில் அதை மீளப் பெற்றுக்கொண்டார். குழு அமைந்தது, 1960இல் சட்டம் பிறந்தது. விலங்கை அடித்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், பட்டினி போடுதல் ஆகியன குற்றமாயின. ஆய்வுகூடப் பரிசோதனைகளைக் கண்காணிக்கவும் வழி செய்யப்பட்டது.

இச்சட்டத்தின் 28ஆம் பிரிவு நாம் ஊன்றிப் பார்க்கத்தக்கது. எந்தச் சமூகத்தினதும் மதம் வேண்டும் முறையில் ஒரு விலங்கைக் கொல்வது இச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகாது என்கிறது அது. முஸ்லிம்களின் குர்பானிக்கும் கிராமக் கோயில் கிடாய் வெட்டுக்கும் ஒரே அளவுகோல். புலால் உண்ணாத ருக்மிணிதேவிக்கு இது உவப்பாக இருந்திருக்க முடியாது. எனினும், ஒரு சமூகத்தின் வழிபாட்டைக் குற்றமாக்கித்தான் வண்டிமாட்டைக் காக்க வேண்டும் என்ற நிலை அச்சட்டத்தில் இல்லை. பலரும் இதனை ஓட்டை என்பர். நாம் அதை விவேகம் என்போம்.

இலங்கையிலோ 1907ஆம் ஆண்டின் மிருகவதைக் கட்டளைச் சட்டம் நூறு ரூபா அபராதத்தோடு நூறாண்டைக் கடந்தது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய வரைவொன்றைத் தயாரித்தும் காரியம் விரைந்து நடக்கவில்லை. ஆனால் 2020இல் மாடறுப்புத் தடைக்கு அமைச்சரவை இணங்க நாளெடுக்கவில்லை. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலியைத் தடை செய்தபோது நம்மிடையே எழுந்த விவாதமும் நினைவிருக்கும். மாட்டின்மீதுள்ள இரக்கம் மாடறுப்பவர்மீதான பகையாக உருமாறுவதை இந்நாட்டு முஸ்லிம்கள் அனுபவத்தில் அறிவர். சுமையேற்றி வதைக்கப்படும் விலங்குக்கு அந்தப் பகையால் ஒரு நன்மையும் விளைந்ததில்லை.

1962இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்துக்கு ருக்மிணிதேவியே முதல் தலைவரானார். அவரோடு நியமனம் பெற்ற ஸாகிர் ஹுசைன் 1967இல் ஜனாதிபதியானார். 1977இல் மொரார்ஜி தேசாய் அதே பதவியை ருக்மிணிதேவிக்கு அளிக்க முன்வந்தார், அவர் மறுத்துவிட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தெரிவானார். ருக்மிணிதேவி திருவான்மியூரில் தம் கலாஷேத்திரப் பணியிலேயே இருந்து, 1986 பெப்ரவரி 24இல் காலமானார்.