போர் முடிந்தது, பணி முடியவில்லை

துருவேறிக் கிடக்கும் பழைய இராணுவ லாரி ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கி, ஆண்டுக்கணக்கில் அதனோடு போராடி, மீண்டும் அதனை ஓடச் செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அவ்வண்டியை வாடகைக்கு விட்டு அவர்கள் பொருளீட்டுவதில்லை. சந்தைக்குச் சரக்கேற்றிச் செல்வதுமில்லை. 'இது என்ன வீண் வேலை?' என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. எனினும், அவர்தம் உழைப்பைச் சற்று நெருங்கி நோக்குவோமாயின், நம் குடும்பங்கள் கற்றுக்கொள்ளத்தக்க பாடங்கள் பல அதனுள் பொதிந்திருப்பதைக் காண்போம்.

இரண்டரை டன் லாரி

இவர்கள் பெரிதும் விரும்பும் வண்டிகளுள் ஒன்று, 'சி.சி.கே.டபிள்யூ.' என்னும் ஜி.எம்.சி. லாரி. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் இவ்வகை லாரிகள் 5 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டன. அப்பெயரிலுள்ள நான்கு எழுத்துகளும் வெறும் அலங்காரம் அல்ல. முதல் எழுத்து 1941ஆம் ஆண்டு வடிவமைப்பையும், இரண்டாவது வழக்கமான முன்மூக்கு அமைப்பையும், மூன்றாவது முன் சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்வதையும், நான்காவது பின்னால் இரட்டை அச்சுகள் இருப்பதையும் குறிக்கும். ஆறு சிலிண்டர்களும் 270 கன அங்குலக் கொள்ளளவும் கொண்ட பெட்ரோல் எஞ்சின் அதன் இதயம். கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் சுமக்க வல்லது என்பதால் 'இரண்டரை டன் லாரி' என்றே வீரர்கள் அதனை அழைத்தனர்.

1944 ஜூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஆகஸ்டு மாதத்தில் அவை எதிர்பார்த்ததைவிட விரைவாக முன்னேறியபோது, பெட்ரோலும் உணவும் வெடிபொருளும் பின்தங்கிவிட்டன. இரயில் பாதைகளோ குண்டுவீச்சால் சிதைந்து கிடந்தன. ஆகவே 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரிப் போக்குவரத்து ஆகஸ்டு 25ஆம் நாள் தொடங்கப்பட்டது. போவதற்கு ஒரு சாலை, திரும்புவதற்கு ஒரு சாலை என வகுக்கப்பட்டு, இரவும் பகலும் லாரிகள் ஓடின. உச்ச நிலையில் ஏறத்தாழ 6,000 வண்டிகள் நாளொன்றுக்குச் சுமார் 12,500 டன் பொருள்களை ஏற்றிச் சென்றன. நவம்பர் 16ஆம் நாள் வரை இப்பணி நீடித்தது.

அந்த ஓட்டுநர்களில் நால்வருக்கு மூவர் கறுப்பினத்தவர். தம் நாட்டுப் படையிலேயே நிறத்தின் பெயரால் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். அப்பிரிவினையை நீக்கும் ஆணை 1948இல்தான் பிறந்தது. துப்பாக்கி ஏந்திப் போரிட்டோரின் புகழ் பேசப்பட்ட அளவுக்கு, தூக்கமின்றி லாரி ஓட்டியோரின் உழைப்பு நெடுங்காலம் பேசப்படவில்லை. அவர்கள் பிடித்த சுக்கானும் மிதித்த பிரேக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், அவ்வுழைப்புக்குச் சாட்சி சொல்ல எது எஞ்சும்? இந்தப் பொழுதுபோக்கு வெறும் இரும்பைக் காப்பது மட்டுமன்று என்பது இங்குதான் விளங்குகிறது.

பொறுமையே முதற்கருவி

போருக்குப் பின் இந்த லாரிகளுள் பல, மர வணிகர்களிடமும் விவசாயிகளிடமும் போய்ச் சேர்ந்தன. உழைத்து ஓய்ந்தபின் கொட்டகைகளிலும் புதர்களிலும் ஒதுக்கப்பட்டன. அத்தகைய வண்டியை வாங்குபவன் உடனே சாவியைத் திருகுவானாயின், அன்றே அதனைக் கெடுத்துவிடுவான். நெடுங்காலம் நின்ற எஞ்சினில் பிஸ்டன்கள் சிலிண்டர்களோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகள் வழியே துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பின்னரே கைப்பிடியால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். தொட்டிக்குள் துரு உதிர்ந்திருக்கும். துணி சுற்றிய மின்கம்பிகளின் உறை பொடிந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகச் சீர் செய்தபின்னரே எஞ்சினின் முதற்குரலைக் கேட்க முடியும்.

வண்ணம் மறைக்கும் ஆபத்து

இங்குதான் ஒரு சோதனை வருகிறது. ஆலிவ் பச்சை வண்ணம் பூசி, வெண்ணட்சத்திரம் தீட்டிவிட்டால் வண்டி புதியதுபோல் தோன்றும், ஊரார் பாராட்டுவர். ஆனால் இவ்வகை லாரியின் ஆறு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியில்தான் செல்கிறது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தாலோ, ஒரு ரப்பர் வளையம் கசிந்தாலோ, எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் ஒருங்கே இழக்கப்படும். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அவ்வீரமே உள்ளிருந்து சிலிண்டர்களை அரிக்கும். ஆகவே பொறுப்புள்ளவன் முதலில் பிரேக்கைப் புதுப்பிப்பான். வண்ணத்தைக் கடைசியில் பூசுவான்.

சக்கரமும் அவ்வாறே. பழைய லாரிகளின் ரிம் ஒரே துண்டு அன்று. டயரைப் பிடித்து நிறுத்தும் தனி இரும்பு வளையம் அதில் உண்டு. அவ்வளையம் துருப்பிடித்தோ சரியாகப் பொருந்தாமலோ இருக்கையில் காற்றடைத்தால், அது குண்டுபோல் பாய்ந்து ஆளைக் கொன்றுவிடும். எனவே கழற்றுமுன் வால்வின் உள்முனையை அகற்றிக் காற்றை முற்றும் வெளியேற்றுவர். பொருத்தியபின் சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயுடன் எட்டி நின்று காற்றடைப்பர். 'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே!' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

கூட்டுறவும் நினைவும்

எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்குவது, எந்த மூட்டுக்கு எப்போது கிரீஸ் இடுவது என்பனவற்றை, இராணுவம் அன்று அச்சிட்ட கையேடுகள் படங்களுடன் விளக்குகின்றன. கிராமத்திலிருந்து வந்து இயந்திரத்தையே அறியாத இளைஞனுக்கும் புரிய வேண்டும் என்று எழுதப்பட்டவை அவை. அமெரிக்காவில் 1976இல் தோன்றிய இராணுவ வாகனப் பாதுகாப்போர் சங்கம் இத்தகைய ஆர்வலர்களை ஒன்று சேர்க்கிறது. 1919இல் அமெரிக்க இராணுவ வாகன அணியொன்று வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 62 நாள் பயணம் செய்தது. பின்னாளில் அந்நாட்டின் தலைவரான ஐசன்ஹோவர் அன்று இளம் அதிகாரியாக உடன் சென்றார். 90 ஆண்டுகளுக்குப் பின், 2009இல், இச்சங்கத்தினர் தம் பழைய வண்டிகளில் அவ்வழியே மீண்டும் சென்றனர்.

'போர்க்கருவியைப் போற்றுவது போரையே போற்றுவதாகாதா?' என்று வாசக அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. இந்த லாரி ரொட்டியையும் சுமந்தது. பீரங்கிக் குண்டுகளையும் சுமந்தது. விழாவன்று ஆசையோடு அதன்மேல் ஏறும் சிறுவனுக்கு இவ்விரண்டையும் சொல்பவனே அதன் உண்மையான காவலன். ஒன்றை மட்டும் சொல்பவன், பிரேக்கைப் பாராது வண்ணம் பூசியவனுக்கு ஒப்பானவன்.

இப்பொழுதுபோக்கிற்கு எல்லையும் தேவை. ஒரு கேலன் பெட்ரோலுக்கு ஏழெட்டு மைல்களே ஓடும் வண்டி இது. மனைவியின் மனமறியாது சேமிப்பை அதில் கொட்டுபவன், வண்டியைச் சீராக்கி வீட்டைச் சிதைக்கிறான். மாறாக, மகனோ மகளோ அருகிருந்து ஸ்பானரை எடுத்துக் கொடுக்க, மாலைப் பொழுதில் சிறிது சிறிதாக வேலை செய்பவன், வண்டியோடு உறவையும் சீராக்குகிறான்.

நம் வீடுகளில் லாரி இல்லை. ஆனால் தாத்தாவின் சைக்கிளோ, பாட்டியின் தையல் இயந்திரமோ மூலையில் கிடக்கக் கூடும். அதனைப் பழைய இரும்புக்கு எடை போடுமுன், ஒரு மாலைப் பொழுது பிள்ளைகளோடு அமர்ந்து திறந்து பாருங்கள். ஒரு துளி எண்ணெய் இடுங்கள். அதனைக் கொண்டு உழைத்தவர்களின் கதையையும் சொல்லுங்கள்.