உங்க சீட்டைக் காணோம், பாஸ்!

கையில் இருக்கிற சமோசாவைக் கொஞ்சம் ஓரமா வச்சிடுங்க ஃப்ரெண்ட்ஸ். இப்போ உங்க மனசைப் படிக்கப் போறோம். சிரிக்காதீங்க... சீரியஸா!

கீழே ஆறு சீட்டு இருக்கு. ஏதாவது ஒண்ணே ஒண்ணை மனசுக்குள் நினைச்சுக்கங்க.

ஸ்பேடு ராஜா... ஹார்ட் ஜாக்கி... கிளாவர் ராணி... டைமண்ட் ராஜா... ஸ்பேடு ஜாக்கி... ஹார்ட் ராணி.

நினைச்சாச்சா? வாய் திறந்து சொல்லாதீங்க. கண்ணை மூடி, அந்த ஒரு சீட்டை மட்டும் பத்து எண்ணும் வரை நல்லா நினைச்சுக்கிட்டே இருங்க. முக்கியமான கண்டிஷன்... மேலே திரும்பிப் பார்க்கக் கூடாது!

ஓகே. நீங்க நினைச்ச சீட்டை உருவியாச்சு. இப்போ பாருங்க, ஐந்துதான் இருக்கு.

கிளாவர் ராஜா... டைமண்ட் ஜாக்கி... ஸ்பேடு ராணி... ஹார்ட் ராஜா... கிளாவர் ஜாக்கி.

உங்க சீட்டைக் காணோமா? அதேதான்!

2000-களில் ஈ-மெயில் ஃபார்வர்டாகவும் வெப்சைட்டாகவும் உலகம் பூரா சுற்றிய ஐட்டம் இது. கம்ப்யூட்டர் திரையில் பார்க்கும்போது ‘கேமரா நம்ம கண்ணைக் கவனிக்குதோ’, ‘மவுஸ் எங்கே நின்னுச்சுன்னு பார்க்குதோ’ என்று ஆளாளுக்கு ஒரு தியரி விடலாம். ஆனால், இப்போ நீங்க பார்ப்பது வெறும் காகிதம். இதில் கேமரா எங்கே இருக்கு?

துப்பறிவோம் வாங்க!

முதல் க்ளூ: இந்தப் பக்கம் எப்போ அச்சானது? நீங்க சீட்டை நினைப்பதற்கு ரொம்ப முன்னாடியே! அப்படின்னா, உங்க மனசில் என்ன ஓடும் என்பது இந்தப் பக்கத்துக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இரண்டாவது க்ளூ: உங்க பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்ட் வேறொரு சீட்டை நினைச்சிருக்கலாம். அவருக்கும் இதே பக்கம்தான், இதே ஐந்து சீட்டுதான். அவர் சீட்டும் காணாமல் போயிருக்கும்.

இப்போ இரண்டையும் சேர்த்துப் பாருங்க. யார் எதை நினைச்சாலும் அது காணாமல் போகணும் என்றால்... ஆறுமே காணாமல் போயிருக்கணும். வேற வழியே இல்லை!

இனி தாராளமா மேலே திரும்பிப் பாருங்க. முதல் வரிசையில் ஸ்பேடு ராஜா. இரண்டாவதில் கிளாவர் ராஜா. அங்கே ஹார்ட் ஜாக்கி; இங்கே டைமண்ட் ஜாக்கி. ஒரு சீட்டுகூட பொது கிடையாது. ஒரு கட்டில் படச் சீட்டு மொத்தம் 12. முதலில் ஆறு காட்டினோம். மிச்சம் இருந்த ஆறில் ஐந்தை எடுத்து அப்புறம் காட்டினோம். அவ்வளவுதான் மேட்டர்! ‘உருவியாச்சு’ என்று சொன்னதை நம்பி, மற்ற ஐந்தும் பழசுதான் என்று நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.

கம்ப்யூட்டர் யுகத்துக் கண்டுபிடிப்பு என்று நினைச்சிடாதீங்க. ஹென்றி ஹார்டின் என்ற மேஜிக் கலைஞரின் பெயரில், ‘பிரின்சஸ் கார்டு ட்ரிக்’ என்று 1905-லிருந்து பேசப்படும் கிழட்டு ட்ரிக் இது.

கண்ணு இருந்தும்...

‘அதெப்படி ஐந்து சீட்டு மாறினது தெரியாமப் போகும்?’ என்று உங்க மேலேயே கோபப்படாதீங்க. அமெரிக்காவில் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் என்ற இரண்டு உளவியல்காரர்கள் 1998-ல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்க. ஒருத்தர் காலேஜ் வளாகத்தில் நடந்து போறவரிடம் வழி கேட்பார். பேசிட்டு இருக்கும்போதே இரண்டு பேர் ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கிட்டு நடுவில் புகுந்து போவாங்க. அந்த கேப்பில் வழி கேட்ட ஆளே மாறிடுவார். கிட்டத்தட்ட பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே வழி சொல்லி முடிச்சாங்க!

எதைக் கவனிக்கிறோமோ அதுதான் மனசில் நல்லாப் பதியும். உங்களை ஒரு சீட்டை மட்டும் நினைக்கச் சொன்னது அதுக்குத்தான்.

இதே ட்ரிக், வெளியிலும்!

சீட்டாட்டத்தோடு போனால் பரவாயில்லை. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார். பிறகு, ‘இது உன் குணம் பற்றிய ரிசல்ட்’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எந்த அளவுக்குச் சரியா இருக்கு என்று 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4-க்கும் மேலே! அப்புறம்தான் குட்டு உடைந்தது. 39 பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்த வரிகளைப் பெரும்பாலும் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

நம்ம சீட்டு ட்ரிக்கேதான் இது! எல்லோருக்கும் பொதுவா ஒண்ணைக் கொடுத்துட்டு, ‘இது உனக்கு மட்டும்’ என்று ஒவ்வொருத்தரையும் நம்ப வைப்பது. பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் கிளி எடுத்துத் தரும் சீட்டு ‘மனசில் ஒரு கவலை இருக்கு’ என்று சொன்னால் மனசு ‘ஆமா’ங்குது. செமஸ்டர் நேரத்தில் கவலை இல்லாத ஸ்டூடன்ட் யாரு சொல்லுங்க? அதாவது பரவாயில்லை, சில்லறையோடு போயிடும். ‘உங்களை ஸ்பெஷலா செலக்ட் பண்ணியிருக்கோம், டெபாசிட் கட்டுங்க’ என்று ஃபைனல் இயரில் ஒரு வேலை மெசேஜ் வந்தால்? அங்கே போறது அப்பா கடன் வாங்கின பணம்!

அதனால் யாராவது ‘உன் மனசு எனக்குத் தெரியும்’, ‘உன்னை மட்டும்தான் தேர்ந்தெடுத்தோம்’ என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘நான் வேற சீட்டை நினைச்சிருந்தா?’ அதே கிளிச் சீட்டை, அதே மெசேஜை ஃப்ரெண்டிடம் காட்டுங்க. அவருக்கும் அச்சு அசலா பொருந்தினா... புரிஞ்சுடுச்சுல்ல?

நீங்க செய்யணுமா?

* ஒரு கட்டிலிருந்து 12 படச் சீட்டையும் பிரிச்சு எடுங்க. இரண்டாவது வரிசையில் சொன்ன ஐந்தையும் முன்கூட்டியே ஒரு கவரில் போட்டு வைங்க. ஆறாவதான டைமண்ட் ராணியை ஒளிச்சிடுங்க.

* முதல் ஆறைச் சில நொடிதான் காட்டணும். அதை இன்னொரு கவரில் போட்டு, பேசிக்கிட்டே கவரை மாற்றிடுங்க.

* சீட்டு பேரை யாரும் சத்தமா சொல்லக் கூடாது. இரண்டு பேர் பேசிக்கிட்டா, இரண்டு சீட்டும் காணோம்னு தெரிஞ்சு மானம் போயிடும்!

* ‘இன்னொரு தடவை’ என்று கெஞ்சினாலும் செய்யாதீங்க. இரண்டாவது தடவை எல்லோரும் ஆறு சீட்டையும் பார்ப்பாங்க.

ஆடிட்டு, கடைசியில் ரகசியத்தையும் உடைச்சிடுங்க. நாளைக்கு வேற யாராவது வேற கவரோடு வரும்போது, உங்க கேங் உஷாரா இருக்கும்!