கோட்டின் அகலமும் கருந்துளையின் நிறையும்

மே மாதத்தில் இரவு பத்து மணி வாக்கில் ஜொகூரில் அண்ணாந்து பார்த்தால் நேர் உச்சியில் கன்னி ராசி நிற்கும். அதற்குள் 3சி 273 என்ற குவாசார், அதாவது கருந்துளையால் பிரகாசிக்கும் தொலைதூர விண்மீன் மண்டல மையம், இருக்கிறது. ஜொகூர் பாரு, சிங்கப்பூர் விளக்குகளை விட்டு விலகி மெர்சிங் பக்கம் போய், எட்டு அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பினால் மங்கலான ஒரு புள்ளியாகப் பிடிபடும். அதன் ஒளி அங்கிருந்து கிளம்பிச் சுமார் 240 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் புள்ளியின் நடுவிலுள்ள கருந்துளையின் நிறை ஏறத்தாழ 30 கோடி சூரியன்கள். இதை எப்படி அளந்தார்கள்?

ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஹைட்ரஜன் தனக்கென்று உள்ள இடங்களில் கோடுகளாக ஒளிரும். சில விண்மீன் மண்டலங்களின் மையத்தில் இந்தக் கோடுகள் மிக அகன்று கிடப்பதை 1943இல் வானியலாளர் கார்ல் செய்ஃபர்ட் விவரித்தார். அங்கே வாயு கருந்துளையைச் சுற்றி ஓடுகிறது. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும், விலகிப் போவதன் ஒளி சிவப்புப் பக்கமும் நகர்வதால் கோடு இருபுறமும் விரிகிறது. எவ்வளவு விரிந்திருக்கிறதோ அவ்வளவு வேகம்: நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்.

வேகம் மட்டும் போதாது. சிறிய கருந்துளைக்கு அருகிலும் அந்த வேகம் வரும், பெரியதற்குத் தொலைவிலும் வரும். ஆகவே வாயு எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்று தெரிய வேண்டும். இதற்குக் கண்ட வழிதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தது. கருந்துளையை ஒட்டிச் சுழலும் சூடான பொருள் வட்டின் வெளிச்சம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். அது கூடினால் வாயுவின் கோடும் பிரகாசமாகும், ஆனால் உடனே அல்ல. வட்டின் ஒளி வாயு வரை போய்ச் சேர வேண்டுமே. 1988–89இல் என்ஜிசி 5548 என்ற விண்மீன் மண்டலத்தை மாதக்கணக்கில் கண்காணித்தபோது அந்தத் தாமதம் சுமார் 20 நாள் என்று தெரிந்தது. ஒளி 20 நாளில் கடப்பது சுமார் 52,000 கோடி கிலோமீட்டர். அதை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் சில கோடி சூரியன்கள் என்ற நிறை வருகிறது.

எல்லாக் குவாசாரையும் இப்படிக் காத்திருந்து பார்க்க முடியாது. பிரகாசம் நான்கு மடங்கானால் வாயுவின் தூரம் ஏறக்குறைய இரு மடங்காவதைக் கவனித்தார்கள். அதனால் பிரகாசத்தையும் கோட்டின் அகலத்தையும் ஒரே நிறமாலையில் அளந்தாலே நிறையைக் கணிக்கலாம். கோட்டின் அகலம் பெரிய உண்மைகளைச் சொல்லும் என்பது நம்மவருக்குப் புதிதல்ல: விண்மீனின் கால்சியம் கோட்டு அகலத்திலிருந்து அதன் உண்மைப் பிரகாசத்தை அறியலாம் என்று 1957இல் வானியலாளர் வில்சனுடன் சேர்ந்து காட்டியவர் இந்திய வானியலாளர் வைணு பாப்பு. தமிழ்நாட்டிலுள்ள காவலூர் வானாய்வகம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

இப்படிக் கிடைக்கும் நிறையை ரூபாய்–பைசா கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயு வட்டமாகச் சுற்றுகிறதா, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று மடங்கு பிசகலாம். அதனால்தான் 3சி 273 முக்கியமாகிறது. சிலியில் நான்கு எட்டு மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்து, 2018இல் அந்த வாயு சுழல்வதையே நேரடியாக அளந்தார்கள். அதன் ஆரம் சுமார் 145 ஒளிநாள். பத்தாண்டு கண்காணிப்பில் தாமதத்தை வைத்து 2019இல் வேறொரு குழு கண்டது சுமார் 147 நாள்.