கணக்கறைக் காவல்

வணிகம் செய்வார்க்கு முதற்பொருள் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது கணக்கு. எவர் எவ்வளவு தரவேண்டும், எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பில் உள்ளது, எப்பணியாளர்க்கு எவ்வளவு ஊதியம் என்பனவெல்லாம் அதனுள் அடங்கும். முற்காலத்து வணிகர் கணக்கேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திறவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு உறங்கச் சென்றனர். இன்றோ, பத்துப் பேர் பணியாற்றும் சிறு நிறுவனத்திலும் கணக்கு கணிப்பொறியினுள் இருக்கின்றது. கணிப்பொறி இணையத்தோடு பிணைந்திருக்கின்றது. ஆதலின், களவாட எண்ணுபவன் தெருவழியே நடந்து வரவேண்டுவதில்லை; கடல் கடந்த நாட்டில் அமர்ந்தபடியே கணக்கறைக்குள் புகுந்துவிடுகின்றான்.

இங்கிலாந்து நாட்டில் கெட்டரிங் என்னும் ஊரில், சரக்கேற்றிச் செல்லும் பழைய நிறுவனம் ஒன்று இருந்தது. நைட்ஸ் ஆஃப் ஓல்டு என்பது அதன் பெயர். 1865-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், இரண்டு உலகப் போர்களையும் கடந்து நின்று, சற்றேறக்குறைய 500 லாரிகளை ஓட்டும் அளவிற்கு வளர்ந்தது. 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அதன் கணிப்பொறிகளுக்குள் கள்வர் புகுந்தனர். பணியாளர் ஒருவரின் எளிய கடவுச்சொல்லை ஊகித்தறிந்தே அவர்கள் புகுந்தனர் என்று கருதப்படுகின்றது. புகுந்தவர், கோப்புகளை எவரும் படிக்கவியலாத மறைகுறிகளாக மாற்றிவிட்டு, அவற்றை மீட்டுத்தரப் பணம் கேட்டனர். லாரிகளுக்கு ஊறு ஒன்றும் நேரவில்லை, ஓட்டுநரும் இருந்தனர். எனினும், அவ்விடரினின்றும் மீள இயலாமல் அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் வீழ்ந்தது. ஏறத்தாழ 700 பேர் வேலை இழந்தனர். அக்கடவுச்சொல்லுக்கு உரியவர் இன்னாரென அறிந்தும், இவ்வளவும் அதனால் விளைந்திருக்கலாம் என்பதைத் தாம் அவரிடம் கூறவில்லை என்று நிறுவனத்தின் தலைவர் பின்னாளில் தெரிவித்தார்.

‘பெரிய நிறுவனங்களை விட்டு நம் சிறு கடையைக் கள்வன் நாடுவானோ?’ என்று பலர் எண்ணுவர். இஃது அறியாமை. கள்வர் ஏவும் நிரல்கள் கடையின் அளவை நோக்குவதில்லை. திறந்த கதவையே தேடுகின்றன. அன்றியும், சிறிய கடை பெரிய கடைக்கு வாயிலாகவும் அமைவதுண்டு. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெருங்கடைகளில் ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளரின் அட்டை எண்கள் களவு போயின. கள்வர் முதலில் கைப்பற்றியது, அக்கடைகளுக்குக் குளிர்பதனப் பணி செய்துவந்த சிறு நிறுவனம் ஒன்றின் கடவுச்சொல்லையே ஆகும்.

‘கடவு’ என்பது வழி என்று பொருள்படும் பழஞ்சொல். வழிவிடும் சொல் ஆதலின் அது கடவுச்சொல் ஆயிற்று. ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் 8 எழுத்துச் சொல் ஒன்றை அமைப்பதாயின் ஏறத்தாழ 20,882 கோடி வகையாக அமைக்கலாம். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றினும், விரைந்தியங்கும் பொறிகளுக்கு இஃது எளிதே. இன்னும் 4 எழுத்துகளைக் கூட்டினால் அத்தொகை 4,56,976 மடங்காகப் பெருகும். எனவே, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து நீண்ட கடவுச்சொல் அமைத்தல் நன்று. மகள் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த சொல்லுக்கோ இக்கணக்கெல்லாம் வேண்டா. அதனை அண்டை வீட்டாரே சொல்லிவிடுவர். ஒரே சொல்லை ஐந்து இடங்களில் வைப்பதும் தீது; ஓரிடத்தில் களவுபோனால் ஐந்து பூட்டும் திறக்கும். கடவுச்சொல்லோடு, அவ்வப்போது கைப்பேசியில் தோன்றும் ஒருமுறை எண்ணையும் கேட்குமாறு அமைத்துவிட்டால், சொல்லை மட்டும் அறிந்த கள்வன் வாயிலிலேயே தடைப்படுவான். அவ்வெண்ணைக் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பு, வங்கியின் பெயரால் வந்தாலும், கள்வனுடையதே என்று கொள்க.

இனி, பூட்டை உடையாமல் பூட்டுக்காரனையே ஏமாற்றும் வழி ஒன்றுண்டு. பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தைக் கருதுவோம். மாலை 5 மணி. முதலாளி ஊரில் இல்லை. நூல் விற்பவரிடமிருந்து வந்ததுபோன்ற மின்னஞ்சல் ஒன்று கணக்கர் முன் தோன்றுகின்றது: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. நிலுவைத் தொகையைப் புதிய கணக்கிற்கு இன்றே அனுப்புக.’ தொகை சரியாக இருக்கின்றது; விலைப்பட்டியலின் எண்ணும் சரியாக இருக்கின்றது; ஏனெனில், கள்வன் பல நாள்களாக இருவர்தம் மடல்களையும் மறைந்திருந்து படித்து வந்துள்ளான். அனுப்பியவர் முகவரியில் ஆங்கில ‘எம்’ எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்னும் ஈரெழுத்துகள் நெருங்கி நிற்கின்றன. விரைந்து பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடு புலனாவதில்லை. ‘இன்றே’ என்ற சொல்தான் கணக்கரை வீழ்த்துகின்றது. அவர் செய்யத்தக்கது ஒன்றே. அம்மடலில் கண்ட எண்ணை விடுத்து, முன்பே தம் ஏட்டிலுள்ள எண்ணில் நூல்வணிகரை அழைத்துக் கேட்டல் வேண்டும். இரண்டு நிமிடத்தில் உண்மை விளங்கிவிடும்.

இவ்வாறு கேட்கும் துணிவு பணியாளர்க்கு எங்ஙனம் வரும்? ஆண்டுக்கொரு நாள் எல்லாரையும் அமர்த்தி ஒரு சொற்பொழிவு நிகழ்த்திவிட்டால் வந்துவிடாது. திங்கள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்கி, அண்மையில் வந்த பொய்ம்மடல் ஒன்றைக் காட்டி, ‘இதில் ஐயுறத்தக்கது யாது?’ என்று அவர்களையே வினவுதல் பயன் தரும். தீயணைப்புப் பயிற்சியில் பொய்யாக மணியடித்துப் பார்ப்பதுபோல, தீங்கற்ற பொய்ம்மடலை நிறுவனமே அனுப்பி ஆராய்வதும் உண்டு. ஆயின், அதில் ஏமாந்தவரைப் பலர்முன் எள்ளி நகையாடுதல் பெருந்தவறு. நாணமுற்றவர் மறுமுறை உண்மையாகவே ஏமாறும்போது வாய் திறவார். அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கள்வனுக்கு ஊதியமாகும். நம் நாட்டில் பணம் பறிபோனவர் 1930 என்னும் தொலைபேசி எண்ணில் உடனே அறிவித்தால், தொகை கைமாறுமுன் வங்கிகள் அதனைத் தடுத்து நிறுத்துதல் கூடும். கணிப்பொறித் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் உரிய அரசு அமைப்பிற்கு நிறுவனங்கள் தெரிவிக்கவேண்டும் என்ற விதியும் 2022-ஆம் ஆண்டில் பிறந்தது. தவறு செய்தவர் அஞ்சாமல் முன்வந்தாலன்றி இவை கைகூடா.

விதிகள் முதலாளிக்கும் உரியன. ‘எனக்கு இந்த ஒருமுறை எண்ணெல்லாம் வேண்டா’ என்று அவர் விலக்குக் கேட்பாராயின், எளியரே அதனைப் பின்பற்றவேண்டியவர் என்று ஏனையோர் கருதிவிடுவர். அன்றியும், வேலையினின்று நீங்குபவரிடம் கடைத் திறவுகோலைக் கேட்டு வாங்க எந்த முதலாளியும் மறப்பதில்லை. கணிப்பொறியில் அவர்க்கிருந்த நுழைவுரிமையை நீக்கவோ பலர் மறந்துவிடுகின்றனர்.

மென்பொருள் அமைப்போர் அவ்வப்போது வெளியிடும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுக்கொள்ளுதலும் வேண்டும். 2017 மே திங்களில் வான்னக்ரை என்னும் தீநிரல் 150 நாடுகளில் பரவிற்று. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

இவற்றையெல்லாம் செய்தும் கள்வன் புகக்கூடும். அந்நாளில் கைகொடுப்பது கணக்கின் படியே. நாள்தோறும் படியெடுத்து, அவற்றுள் ஒன்றையேனும் கணிப்பொறியோடு தொடர்பறுத்த தனி வட்டில், வேறொரு கட்டடத்தில் வைத்தல் வேண்டும். இணைந்தே கிடக்கும் படியையும் கள்வன் சேர்த்தே பூட்டிவிடுவான். எடுத்த படி பயன்படுமா என்பதனை, கூட்டமில்லாத ஒரு நாளின் மாலையில், வேறொரு கணிப்பொறியில் ஏற்றிப் பார்த்துவிடவேண்டும். ஈராண்டுக் காலம் தவறாமல் படியெடுத்தும், அவ்வட்டில் ஒன்றும் பதியவில்லை என்பதை இடர் நேர்ந்த பிறகே கண்டறிந்தவர் உளர்.