ஒரே ஒரு ஃப்ரீ கிக்... ஃபுல்ஹாமைக் காப்பாற்றிய ஜிம்மி புல்லார்ட்!

2008 மே 11. இங்கிலீஷ் பிரீமியர் லீக் சீசனின் கடைசி நாள். லண்டனின் ஃபுல்ஹாம் ஜெயிச்சே ஆகணும்; இல்லைன்னா கீழ் டிவிஷனுக்கு இறங்கணும்.

76-வது நிமிடம். ஜிம்மி புல்லார்ட் ஃப்ரீ கிக் அடிக்க, டேனி மர்ஃபி தலையால் முட்டி கோலாக்கினார். போர்ட்ஸ்மவுத்தை 1-0 என வென்ற ஃபுல்ஹாமுக்கும் ரீடிங்குக்கும் தலா 36 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் ரீடிங் இறங்கியது.

யார் இந்த புல்லார்ட்?

பீட்டர்பரோ, விகன் என கிளப் கிளப்பாக மாறிவந்த மிட்ஃபீல்டர். ஃபுல்ஹாமுக்கு வந்த 2006-லேயே முழங்காலில் பலத்த காயம். சுமார் 16 மாதங்கள் ஆடவே இல்லை. திரும்பி வந்ததும் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் வெற்றி கோல்!

2009 ஜனவரியில் ஹல் சிட்டிக்குக் கிளம்பிட்டார். இருந்தது இரண்டரை வருஷம், அங்கேயும் காயங்கள். ஆனா, அன்று அவர் உதவியால் தப்பித்த ஃபுல்ஹாம்தான் 2010-ல் யூரோப்பா லீக் ஃபைனல் வரை போனது.