பல்லுக்கு கம்பி போட்டாச்சா? வெள்ளைப் புள்ளி, உஷார்!

பல் வரிசை சீராக வேண்டும் என்று பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் கம்பி போட்டுக் கொள்வது இப்போது சகஜம். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டு கம்பியோடு இருக்க வேண்டும். அதைக் கழற்றும் நாளில் சிலருக்கு அதிர்ச்சி! பல் நேராகி விட்டது. ஆனால் மேலே சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைப் புள்ளிகள். அதுதான் சொத்தையின் ஆரம்பம்!

எப்படி வருகிறது?

கம்பியைத் தாங்கும் வில்லைகளைச் சுற்றி அழுக்கு படியும். அதில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். அமிலம் பல்லின் சுண்ணாம்புச் சத்தை அரிக்கும். கவனிக்காமல் விட்டால் ஒரே மாதத்தில்கூட புள்ளி விழுந்து விடும். அப்புறம் அது முழுசாக மறைவது கஷ்டம்.

என்ன செய்யணும்?

"காலையில தேய்ச்சாச்சு, போதும்" என்று இருக்கக் கூடாது. ராத்திரி படுக்கும் முன்பும் புளோரைடு பேஸ்ட் போட்டு, வில்லைக்கு மேலும் கீழும் தேய்க்க வேண்டும். நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைடும் போய் விடும். கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி பிரஷ்ஷும் உண்டு.

கமர்கட், ஜவ்வு மிட்டாய், கலர் சோடாவுக்கு 'தடா'!

கம்பிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் அப்பா, அம்மா, ராத்திரி ரெண்டு நிமிஷம் பையன் ஒழுங்காகப் பல் தேய்க்கிறானா என்றும் பார்க்கணும். இல்லாவிட்டால், நேரான பல்லில் சொத்தைதான் மிச்சம்!